பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

வா மருமவனே, உக்காரு. கட்டில் நடுவுல உக்காராத, கயிறு தொய்ஞ்சு கெடக்கு. பொறவு ஒன்னையத் தூக்கிவிட ரெண்டு ஆள் வேணும். ஓரமா உக்காரு.

ஒங்கம்மை காலையிலேயே வந்து மூக்கைச் சிந்திட்டுப் போனா. "அண்ணே, ஒம்மருமவன் டெக்சாஸ்ல பழைய ரிவால்வரா வாங்கிச் சேக்கப் போறானாம், நீ ஒரு வார்த்தை சொல்லு"ன்னா. நான் யாரு? 32 வருசம் ஆயுதப்படையில ஆர்மரரா இருந்தவன். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுப் போட்டுக் கைரேகை தேஞ்சு, இப்ப ரேசன் கடை மெசின்ல விரல் வச்சா ஆளே இல்லைங்கு. என்னையப் பிடிச்சுத் துப்பாக்கி வேண்டாம்னு சொல்லச் சொல்லுதா. பனையேறிகிட்ட வந்து எம்மவன் கள்ளு குடிக்காம புத்தி சொல்லுன்ன கதை.

நான் வேண்டாம்னு சொல்லுவனா? தாராளமா வாங்கு. ஒங்க தாத்தா கட்டுன தேக்கு உத்தரத்து வீட்டைப் பழசுன்னு இடிச்சு, வழுக்கி விழுத மாதிரி டைல்ஸ் பதிச்ச பய நீ. அம்மையோட அம்மியைத் தூக்கிக் கொல்லையில போட்டவன் நீ. இப்பவாவது பழசு மேல ஒரு பிரியம் வந்துச்சே. அது ரிவால்வர்ல வந்து விடிஞ்சிருக்கு, போகட்டும்.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். பச்சை அட்டை வந்துட்டா? பொய் சொல்லாத, ஒங்கம்மை எல்லாத்தையும் சொல்லிட்டா. இன்னும் எச் ஒன் பி தான? அப்பன்னா சூதானமா கேட்டுக்கோ. அந்த ஊரு மத்திய சட்டப்படி விசாவுல வேலை பாக்க வந்தவன் கையில துப்பாக்கி இருக்கப்படாது, தோட்டாவும் இருக்கப்படாது. ஆனா வேட்டை லைசென்ஸ் எடுத்தவனுக்கு விலக்கு உண்டு. மான் சுடுதவனை நம்புதான், கம்ப்யூட்டர் தட்டுதவனை நம்பமாட்டேங்கான். அவனும் ஒங்கிட்ட வேலை வாங்கிப் பாத்திருப்பான்லா.

ஒனக்குன்னே இன்னொரு சந்து வச்சிருக்கான். 1968ல போட்ட சட்டத்துல, 1898 வரைக்கும் செஞ்ச துப்பாக்கி பழம்பொருள். மத்திய சட்டத்தோட கண்ணுக்கு அது துப்பாக்கியே இல்ல. 1898 டிசம்பர் 31 சாயங்காலம் பட்டறையை விட்டு வந்தா பழம்பொருள். மறுநா காலையில அதே ஆசாரி அதே கையால செஞ்சு எறக்குனா ஆயுதம். அங்ஙனயும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும், உள்ளூர் வக்கீலுக்கு நூறு டாலர் அழுது கேட்டுக்கோ. மாமா சொன்னாருன்னு கோர்ட்டுல சொன்னா ஜட்ஜ் என்னைய எங்க தேடுவான்?

சேத்த பொறவு இங்ஙன கொண்டுவந்து பூசை ரூம்ல வைக்கலாம்னு நெனைக்காத. லைசென்ஸ் இல்லாம ஏர்போர்ட்டுல எறங்குனா, மாலை போட்டுக் கூட்டிட்டுப் போக கஸ்டம்ஸ்காரன் நிப்பான். நம்ம ஊரு ஆயுதச் சட்டம் 1959ல வந்தது. அதுக்கு முந்தி 1878ல லிட்டன் துரை போட்ட சட்டம், அதுல நமக்கு லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். முந்தி ஒரு ஆள் மூணு வச்சுக்கிடலாம்னு இருந்தது. 2019ல அதை ரெண்டாக்கிட்டான். ரெண்டுக்கு மேல போனா இங்ஙன அதுக்குப் பேரு கலெக்சன் இல்ல, கேஸு. அந்த ரெண்டும் நெனைச்ச ரகமா இருக்க முடியாது. எஸ்.ஐ. இடுப்புல இருந்த பாயின்ட் 38, பட்டாளத்துக்காரன் ரகம். தடை செஞ்ச ரகத்துல வரும். ஆசைப்பட்டாலும் ஆகாது.

அந்த ரெண்டையும் வச்சிருக்கவன் பாட்டைப் பாக்கணுமே. எலெக்சன் அறிவிச்சா ஸ்டேசன்ல கொண்டு ஒப்படைச்சு ரசீது வாங்கணும். பஞ்சாயத்து எலெக்சன், சட்டமன்றம், பார்லிமென்டு, நடுவுல ஒரு இடைத்தேர்தல். நம்ம பக்கத்துல ஒரு பண்ணையார் இருந்தாரு. அவரு துப்பாக்கி அவரு வீட்டுல இருந்த நாளைவிட எங்க பெல் ஆஃப் ஆர்ம்ஸ்ல, அதான் ஆயுதக் கிடங்குல, இருந்த நாள் சாஸ்தி. அதுக்கு எண்ணெய் போட்டது நான், துருப் பாத்தது நான். வருசத்துக்கு ஒருதரம் ரசீதோட வந்து, வைப்பாட்டியைப் பாக்க வந்த மாதிரி கூச்சப்பட்டுக்கிட்டு வாங்கிட்டுப் போவாரு. திருடன் வந்தா சுடத்தான் வாங்குனாராம். திருடன் எலெக்சன் பாத்தா வருவான்?

சரி, அதை விடு. நீ வாங்கப்போற சாமானோட பூர்வோத்திரம் தெரியுமா? எல்லாத்துக்கும் மூலம் சாமுவேல் கோல்ட்டுன்னு ஒரு பய. ஒன்னைய மாதிரிதான், படிப்பு ஏறல. 1830ல பதினாறு வயசு. கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. கார்வோன்னு கப்பல், போன ஊரு எது தெரியுமா? நம்ம கல்கத்தா. போற வழியில கப்பலோட சுக்கான் சக்கரத்தைப் பாத்தானோ, நங்கூரம் இழுக்குத உருளையைப் பாத்தானோ, சுத்தி நிக்கிற சிலிண்டருக்கு மரத்துல ஒரு மாதிரி செதுக்கிட்டான். இல்ல, அதுக்கு முந்தியே காலியர்னு ஒருத்தன் லண்டன்ல செஞ்ச சுழல் துப்பாக்கி இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரன்கிட்ட இருந்துச்சு, அதைக் கல்கத்தாவுல பாத்துத்தான் காப்பி அடிச்சான்னு சொல்லுதவனும் உண்டு. எப்படியோ, ஒன் அமெரிக்க ரிவால்வருக்குக் கல்கத்தா தண்ணி பட்டிருக்கு.

ஊருக்குத் திரும்புனான். துப்பாக்கி செய்யத் துட்டு இல்ல. என்ன செஞ்சான்? ஊர் ஊராப் போயி, சிரிப்பு வாயுவைக் கூட்டத்துக்கு மோந்து பாக்கக் குடுத்து டிக்கெட்டு போட்டான். பேரையும் மாத்திக்கிட்டான்: "நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் டாக்டர் கூல்ட்". நம்ம பங்குனித் திருவிழாவுல லேகியம் விக்கிறவன் "மலேயா, சிங்கப்பூர் சுத்தி வந்த வைத்தியர்"னு தட்டி கட்டுவான்லா, அதே சோலிதான். அப்படி ஜனத்தைச் சிரிக்கவச்சுச் சேத்த துட்டுலதான் ரிவால்வர் பொறந்துச்சு. 1836ல காப்புரிமை, பேட்டர்சன்கிற ஊர்ல கம்பெனி. 1842ல கம்பெனி இழுத்து மூடியாச்சு.

பொறவு ஒன் டெக்சாஸ்தான் கைகுடுத்துச்சு. வாக்கர்னு ஒரு கேப்டன், மெக்சிகோ சண்டைக்கு 1000 ரிவால்வர் வேணும்னு சொல்லி, 1847ல செஞ்சது வாக்கர் கோல்ட். எடை ரெண்டு கிலோ. இடுப்புல கட்டமுடியாம குதிரைச் சேணத்துலதான் தொங்கவிட்டான். மருந்தைக் கூடக் கொஞ்சம் இடிச்சா சிலிண்டரே வெடிக்கும். அதுல ஒண்ணு, மரப்பெட்டியோட, 2018 ஏலத்துல 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போச்சு. நீ அதை வாங்கணும்னா ஒன் வீடு, ஒன் கார், ஒங்கம்மை தாலி, என் பென்சன் எல்லாத்தையும் வித்தாலும் ஆணி ஒண்ணு கெடைக்கும்.

விலையைப் பாத்துப் பயப்படாத. சின்னச் சாமானும் கெடைக்கும். 1880, 90கள்ல நிக்கல் பூசிப் பாக்கெட்டுல போடுத மாதிரி லட்சக்கணக்குல செஞ்சு தள்ளியிருக்கான். மட்ட ரகத்துக்குப் பேரு வச்சான் பாரு: ரெட் ஜாக்கெட், ஸ்வாம்ப் ஏஞ்சல், டிஃபெண்டர். சிவகாசிப் பட்டாசுப் பெட்டி மேல போடுத பேரு மாதிரியே இருக்கும். சுட்டாலும் ஏறக்குறைய பட்டாசுதான். எந்தப் பக்கம் வெடிக்கும்னு தெரியாது. மொதல்ல அதுல ஒண்ணை வாங்கி ஏமாறு. சின்னத் துட்டுல ஏமாந்து பழகிக்கிடணும், பெரிய துட்டுக்கு அப்பத்தான் கை தேறும். ஆனா நம்பரைப் பாத்து வருசம் கண்டுபிடிச்ச பொறவு துட்டைக் குடு. ஒரே அச்சு, ஒரே பேரு, 1897லயும் செஞ்சான், 1907லயும் செஞ்சான். ஒனக்குத் தேவை எதுன்னு சொன்னேன்லா.

நம்பர்னதும் ஞாபகம் வருது. பழைய கோல்ட்டுல பாடி, பேரல், சிலிண்டர், விசைக்காப்பு, பிடியோட முதுகுன்னு அங்கங்க ஒரே நம்பரைக் குத்தியிருப்பான். எல்லாம் ஒத்துப்போனா ஒரு விலை, ஒண்ணு மாறிட்டா பாதி விலை. ஒனக்குப் பொண்ணு பாக்கையில பத்துப் பொருத்தமெல்லாம் மூடநம்பிக்கைன்னு என்கிட்டச் சண்டை போட்ட. இங்க பொருத்தம் பாக்கலைன்னா ஒன் மூட்டை காலி. அந்தக் கோல்ட் கம்பெனியே துட்டு வாங்கிட்டு, பழைய பேரேட்டைப் பெரட்டி, இந்த நம்பர் இந்த வருசம் இந்த ஊருக்குப் போச்சுன்னு காகிதம் குடுக்கும். நெலம் வாங்கையில வில்லங்கச் சர்டிபிகேட்டு போடுவோம்லா, அது மாதிரி. அதைப் போடாம வாங்குதவன் பொறம்போக்கைக் கெரையம் பண்ணுனவன்.

விக்கிறவன் கதை சொல்லுவான் பாரு, அதைக் கேட்டுக்கிட்டே இரு, பர்சை மட்டும் தொறக்காத. மாஸ்டர்சன்னு அந்தக் காலத்து ஷெரிஃப் ஒருத்தன், வயசான பொறவு நியூயார்க்குல பத்திரிகையில எழுதிப் பொழச்சான். ஒரு கலெக்சன்காரன் வந்து ஒங்க துப்பாக்கியைக் குடுங்கன்னு அனத்தி எடுத்தானாம். இவன் என்ன செஞ்சான், அடகுக்கடையில பழைய கோல்ட் ஒண்ணை வாங்கி, பிடியில கத்தியால 22 கீறு கீறிக் குடுத்தான். வாங்குனவன் கண்ணு கலங்கிட்டு. "இம்புட்டுப் பேரைக் கொன்னீங்களா?"ன்னானாம். இவன் ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல, துட்டை எண்ணிக்கிட்டு இருந்தானாம். இந்தக் கதையே நெசமோ பொய்யோ. ஆனா கீறல் போட்ட துப்பாக்கியைக் கண்டா ஓடிரு. நெசமா ஆளைக் கொன்னவன் உக்காந்து கணக்கு எழுதிக்கிட்டு இருக்கமாட்டான்.

இப்ப ஒரு சங்கதி சொல்லுதேன், ஒங்க அத்தைக்குக் கேக்காம. கேட்டா இன்னும் சிரிப்பா. நான் சர்வீசுல சேந்த புதுசு. இன்ஸ்பெக்சன் வருதுன்னு பெரியவரு சொல்லிட்டாரு, எல்லாம் பளபளன்னு இருக்கணும்னு. என் பொறுப்புல இருந்தது பாயின்ட் 38 என்ஃபீல்டு ஒண்ணு. சுத்தியல்ல கொம்பு இருக்காது. டாங்கிக்குள்ள உக்காந்திருக்கவன் சட்டையில மாட்டிக்கிடுதுன்னு அறுத்துட்டே செஞ்ச ரகம். உடம்பெல்லாம் கன்னங்கரேல்னு மங்கி இருந்துச்சு. நான் துப்பாக்கி தொடைக்குத ஃபோர் பை டூ துணியைப் போட்டுத் தேச்சேன், போகல. உப்புத்தாளை எடுத்தேன். ராத்திரி பூரா தேச்சேன் மருமவனே. விடியையில அது எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னுச்சு. எனக்குப் பெருமைன்னா பெருமை.

பெரியவரு வந்தாரு. கையில வாங்கி வெயில்ல திருப்புனாரு. "இதுல வருசம் குத்தியிருக்குமே, எங்கடே?"ன்னாரு. நான் அதையும் சேத்துத் தேச்சுட்டேன். அந்தக் கருப்பு அழுக்கு இல்ல, துரு ஏறாம இருக்க அவன் பட்டறையில காய்ச்சி ஏத்துன நிறம். அது போனதும் மழைக்காலத்துக்குள்ள செம்மண்ணு பூத்த மாதிரி துரு பூத்துட்டு. சம்பளத்துல பிடிக்கல, வாயாலயே பிடிச்சாரு. அன்னைக்குத்தான் ஆர்மரர் வேலைன்னா தேய்க்குத வேலை இல்ல, தேய்க்காம இருக்குத வேலைன்னு தெரிஞ்சுது.

அதனால சொல்லுதேன், நீ வாங்குத சாமானைப் பளபளப்பாக்காத. அந்த ஊரு கலெக்சன்காரன் அழுக்கேறுன கருப்புக்குத்தான் துட்டுக் குடுப்பான், புதுசா முலாம் பூசுனதைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்கிடுவான். ஒனக்குன்னு வரப்போறவ நம்மூர்க்காரியா இருந்தா பித்தளைச் சாமானுக்குப் பக்கத்துல வைக்காத. ஒரு பழைய பெரிய வீட்டுல ஆயுத பூசைக்கு முந்தின நா, வேலைக்காரம்மா பாட்டன் காலத்து ரிவால்வரைக் குத்துவிளக்கோட சேத்துப் புளியும் செங்கப்பொடியும் போட்டு வெளக்கி, சந்தனம் குங்குமம் வச்சு, பேரல்ல ஒரு ஊதுவத்தியும் சொருகி வச்சிருந்தா. சாமி கும்பிடப் போன எனக்கு வயித்தைக் கலக்கிட்டு. சாமிக்கு என்ன, பளிச்சுன்னுதான் இருந்திருக்கும்.

தோல் உறையில போட்டும் வைக்காத. சினிமாவுல நல்லாருக்கும்; தோல் ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கிட்டு, பதனிட்ட மருந்தோட சேந்து இரும்பைத் திங்கும். உறையைத் தனியா வை, துப்பாக்கியைத் தனியா வை. சினிமான்னதும் இன்னொண்ணு. பக்கவாட்டுல தொறக்குத சிலிண்டரைக் கதாநாயகன் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி மூடுவான் பாத்தியா? அப்படி மூடுனா அதைத் தாங்குத கொக்கி வளைஞ்சு, சிலிண்டர் பேரலுக்கு நேரா நிக்காது. எங்கிட்ட ஒரு கான்ஸ்டபிள் அப்படிச் செஞ்சான். அவன் மணிக்கட்டுல நான் போட்டது வேற. நல்லவேளை, நீ வாங்கப்போற காலத்துச் சாமான் பெரும்பாலும் நடுவுல ஒடிச்சுத் தொறக்குறது, இல்ல சந்து வழியா ஒவ்வொண்ணாப் போடுறது.

சுட்டுப் பாக்கணும்னு ஆசை வரும். வேண்டாம்ல. அது கரிமருந்துக்குச் செஞ்ச இரும்பு. இப்பத்தித் தோட்டாவைப் போட்டா, நூறு வருசத்துச் சரித்திரம் ஒன் மூஞ்சியில எழுதிட்டுப் போயிரும். ஒரு கொடுமை கேளு. வெப்லின்னு பர்மிங்காம்ல செஞ்சது, பாயின்ட் 455, முதல் உலகப்போர்ல வெள்ளைக்கார ஆபீசர் இடுப்புல இருந்தது. கனமான சாமான், கதவு தாழ்ப்பாள் மாதிரி உறுதி. அதுல ஒரு பெருங்கூட்டம் அமெரிக்காவுக்குப் போச்சு. அங்ஙன அந்தத் தோட்டா கெடைக்கலைன்னு, அவன் ஊரு பாயின்ட் 45 தோட்டா நுழையுத மாதிரி சிலிண்டரோட பின்பக்கத்தைக் கடைசல்ல சீவிப்புட்டான். அழுத்தம் தாங்காது, விலையும் போச்சு. மாப்பிள்ளைக்குச் செருப்புச் சேரலைன்னு குதிங்காலைச் செதுக்குன மாதிரி. ஆனா அது 1898க்குப் பிந்துனது, ஒனக்கு இப்ப ஆகாது. பச்சை அட்டை வந்த பொறவு வாங்குனாலும் சிலிண்டரோட பின்பக்கத்தைத் தடவிப் பாத்து வாங்கு.

கடைசியில நீங்கள்லாம் வாங்குறது இரும்பை இல்லடே. பில்லி தி கிட்டுன்னு ஒரு ரௌடி, அவனைச் சுட்ட கோல்ட் 2021ல 60 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அதே வருசத்து அதே கோல்ட், யாரையும் சுடாம ஒரு பலசரக்குக் கடை மேசையில கெடந்திருந்தா அதுல நூத்துல ஒரு பங்கு தேறாது. ஃபிரான்ஸ்ல ரெண்டு கவிஞனுங்க, வெர்லேன், ரேம்போ. 1873ல பிரசல்ஸ்ல குடிபோதையில சண்டை வந்து, மூத்தவன் எளையவனைச் சுட்டான், மணிக்கட்டுல பட்டுட்டு. அந்தச் சின்ன ரிவால்வர் 2016ல 4 லட்சத்து 34 ஆயிரம் யூரோ. குறி தப்புனதுக்கு அம்புட்டு விலை! நம்ம ஊர்க் கவிஞனுங்க நல்லவேளை மைக்கைப் பிடிச்சுத்தான் சண்டை போடுதாங்க.

இன்னொண்ணு இருக்கு, அதைக் கேட்டா நீ மெரண்டுருவ. வான்கோன்னு படம் வரைஞ்ச மகான், 1890ல கோதுமை வயக்காட்டுல தன்னைத்தானே சுட்டுக்கிட்டு ரெண்டு நாள் கெடந்து செத்தான்லா. அறுபதுகள்ல ஒரு சம்சாரி அந்த ஊரு வயல்ல உழுகையில ஒரு ரிவால்வர் கெடைச்சுது. பிடிக்கட்டை இல்ல, பூராத் துரு, அரிச்சுப்போயி எலும்புக்கூடு. அதுதானான்னு அறுதியிட்டுச் சொல்லமுடியாதுன்னு ஏலக்காரனே சொல்லித்தான் வித்தான். 2019ல பாரிஸ்ல 1 லட்சத்து 62 ஆயிரத்து 500 யூரோ. நம்ம உழவுல அது கெடைச்சிருந்தா என்ன செஞ்சிருப்போம்? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு சைக்கிள்ல வருவான்லா, அவன்கிட்டப் போட்டுருப்போம். அவனும் துருப்பிடிச்சது அம்மான்னு தராசைச் சாய்ச்சுப் பத்துப் பழம் குடுத்திருப்பான்.

என்ன, பேச்சையே காணோம்? கோவமா? காப்பியைக் குடி, ஆறிப்போச்சு. கருப்பட்டிதான், சீனி வாங்கல.

என்னது? ஒன் கலெக்சன்ல மொத சாமானா அதை வைக்கணுமா? எதைச் சொல்லுத... ஓ, தீவாளிக்கு நான் வாங்கிக்குடுத்தேனே, சுருள் கேப் போடுத தகரத் துப்பாக்கி. ஒனக்கு ஆறு வயசு. கேப்பு தீந்த பொறவும் கார்த்திகை வரைக்கும் இடுப்புல சொருகிக்கிட்டு அலைஞ்ச. தூங்கையிலயும் கழட்டலைன்னு ஒங்கம்மை வந்து சொன்னா. விசை இறுகிப்போயி என்கிட்டக் கொண்டாந்த, நானும் பட்டறையில வச்சு எண்ணெய் போட்டுச் சரிபண்ணித் தந்தேன். அதையும் கணக்குல சேத்தா நான் ரிப்பேர் பாத்ததுல ரசீது இல்லாத துப்பாக்கி அது ஒண்ணுதான்.

எங்க இருக்குன்னா கேக்க? நீ எட்டாப்பு படிக்கப் போன வருசம், அத்தை பரணைச் சுத்தம் பண்ணையில பேரீச்சம்பழக்காரன்கிட்டப் போட்டுட்டா. ஓட்டை வாளியும் சேத்துப் போட்டா, கால் கிலோ குடுத்தான். லீவுக்கு வந்திருந்த நீ, அந்தா அந்தப் படியில உக்காந்துதான் தின்ன. கொட்டையை என் செருப்புக்குள்ள துப்பி வச்சிருந்த.